கேள்வி – பதில்: கூதிர் காலத்து அடுப்புக்குச் சித்திரையில் விறகு

கேள்வி: என் அக்கா பிரான்சில், ஒரு சிற்றூரில், விறகடுப்பு வைத்த வீட்டில் வசிக்கிறார். ஏப்ரல் பிறந்ததும் குளிர்காலத்துக்கான ஓக் கட்டைகளைப் பிளந்து அடுக்கத் தொடங்கிவிடுகிறார். ‘வசந்தம் கழிவதைப் பார்த்துக்கொண்டே செய்ய இதைவிட நல்ல வேலை இல்லை’ என்கிறார். நாங்களோ வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் ஐப்பசியில் விறகு வாங்கி, மார்கழி வரை புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறோம். சித்திரையிலேயே வாங்கி அடுக்குவது நம் ஊருக்குப் பொருந்துமா?
— வாசகி, பாகூர்.

பதில்: பொருந்தும்; ஆனால் காரணம் வேறு. உங்கள் அக்காவின் ஊரில் நவம்பர் முதல் மார்ச் வரை வீடு முழுவதையும் விறகுதான் சூடாக்க வேண்டும் என்பதால், அங்கே அதை ‘ஸ்தேர்’ என்ற அளவில், அதாவது ஒரு மீட்டர் நீள, அகல, உயரத்துக்கு அடுக்கிய கட்டையாக, வாங்குகிறார்கள். ஓக் அடர்த்தியான மரம். பிளந்த பிறகும் நன்றாக உலர ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும். ஆகவே அவர் இந்த ஏப்ரலில் பிளப்பது வரும் குளிர்காலத்துக்கு அல்ல, அதற்கு அடுத்ததற்காக இருக்கும். அடுத்த முறை பேசும்போது கேட்டுப் பாருங்கள்.

நமக்குக் குளிர் பெரிய பகையில்லை, தண்ணீர்தான் பகை. ஐப்பசியையும் கார்த்திகையையும் முன்னோர் கூதிர் என்றார்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டுவது அப்போதுதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தோட்டமெங்கும் மரம் கிடந்தும், அத்தனையும் பச்சை என்பதால் அடுப்புக்கு உதவவில்லை.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பத்து கிலோ பச்சை விறகில் ஐந்து கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அதை ஆவியாக்க மூவாயிரம் கிலோகலோரி செலவாகும். மீதி ஐந்து கிலோ மரம் தருவதோ இருபதாயிரத்துக்குச் சற்று மேல். கணக்கில் ஏழில் ஒரு பங்குதானே போகிறது என்று தோன்றும். உண்மையான இழப்பு அதுவன்று. ஈரத்தால் தீயின் சூடு தணிந்துவிடுவதால், மரத்திலிருந்து எழும் ஆவிகள் முழுவதும் எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. மார்கழியில் உங்கள் கண்ணை எரித்த புகை, நீங்கள் காசு கொடுத்து வாங்கி எரியாமல் போன விறகுதான். ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும்.

கடலூர், புதுச்சேரி மணற்பகுதிகளில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. நட்ட நான்கைந்து ஆண்டில் வெட்டுகிறார்கள். நேரான கழி பந்தலுக்கும் சாரத்துக்கும், பருத்த அடிமரம் காகித ஆலைக்கும் போக, மிலாறும் வேர்க்கட்டையும் விறகாக வருகின்றன. வேர்க்கட்டை நின்று எரியும் என்பது உண்மைதான், ஆனால் எடை போட்டு வாங்கும்போது ஒட்டியிருக்கும் மண்ணுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். மணிக்கட்டைவிடப் பருத்ததை எல்லாம் வாங்கிய வாரத்திலேயே பிளக்கச் சொல்லுங்கள்; சவுக்கு பச்சையில் கோடாலிக்கு இணங்கும், காய்ந்துவிட்டால் கோடாலி துள்ளும். பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பிளக்காத உருட்டுக்கட்டை கத்திரி வெயில் முழுவதும் கிடந்தாலும் உள்ளே பச்சையாகவே இருக்கும்.

அடுக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மழையும் வாடைக்காற்றும் வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிப்பவை. எனவே வீட்டின் தெற்கு அல்லது மேற்குச் சுவரோரம் அடுக்கினால் வீடே மறைப்பாகும், கோடையில் மேற்கு வெயிலும் கிடைக்கும். செங்கல்மேல் பனஞ்சட்டம் பரப்பி அதன்மேல் அடுக்கினால் கறையான் எளிதில் ஏறாது. சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். தார்ப்பாயை ஆவணி வரை தொடவே வேண்டாம். கோடை மழை ஓரிரு நாள் நனைத்தால் மேல்தோல்தான் நனையும். பின்னர் மூடும்போதும் தலையை மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். முழுக்கப் போர்த்தினால் விறகு புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

அக்காவின் வசந்தத்துக்கு வருவோம். நம் இளவேனில் சித்திரையும் வைகாசியும்தான், அதில் பாதியைக் கத்திரி தின்றுவிடுகிறது. ஆகவே விடியற்காலையில் தொடங்கி எட்டு மணிக்குள் கோடாலியைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்த இரண்டு மணி நேரம், வேப்பம்பூ சிராய்களின்மேல் உதிர, எங்கோ மறைந்திருந்து குயில் கூவ, தெருவில் பண்ருட்டிப் பலாப்பழ வண்டி மணத்தோடு கடந்துபோக, வேலை செய்ததே தெரியாது. அடுக்கு மார்பளவு உயர்வதற்குள் கொன்றைப் பூ உதிர்ந்து, வேம்பில் காய் திரண்டு, நுங்கும் முற்றிவிடும். இதை அவருக்கு எழுதி அனுப்புங்கள், கொஞ்சம் பொறாமைப்படட்டும்.

கேள்வி: காற்றில் விழுந்த முருங்கையையும் வேலியில் வெட்டிய அரளியையும் விறகோடு சேர்த்து அடுக்கலாமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்.

பதில்: முருங்கை சோற்றுக்கட்டை, காய்ந்தால் காகிதம்போல எரிந்து போகும், தணல் நிற்காது. அடுப்பு பற்றவைக்க மட்டும் தனியே வையுங்கள். அரளியை எரிக்கவே கூடாது, அதன் புகையும் நஞ்சு. உப்பங்கழியோரம் வளரும் தில்லையின் பாலும் புகையும் கண்ணுக்குத் தீங்கு செய்பவை. யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.