சுவீடனில் அரசு இவ்வளவு உதவி செய்தால் தனிமனித சுதந்திரம் குறையாதா?

வரி அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் சுவீடனில் இந்தக் கணக்கை வேறு மாதிரி போடுகிறார்கள்: அரசை நம்பி இருப்பதைவிட அப்பாவையோ கணவனையோ நம்பி இருப்பதுதான் பலருக்கு அங்கே பெரிய கட்டு. 1971-ல் கணவன், மனைவி சம்பளத்துக்குத் தனித்தனியாக வரி போடும் முறை வந்தது. அதற்கு முன் இருவர் வருமானத்தையும் கூட்டிப் போட்டதால் மனைவி வேலைக்குப் போனால் அவள் சம்பளத்தில் பெரும்பங்கு வரிக்கே போய்விடும், அப்புறம் எதற்குப் போவாள்? 1974-ல் குழந்தைப்பேறு விடுப்பு அப்பாவுக்கும் பொதுவானது. இப்போது மொத்தம் 480 நாள், அதில் ஆளுக்கு 90 நாளை மற்றவருக்கு மாற்றித் தர முடியாது. (அரசு வீட்டுக்குள் மூக்கை நுழைக்கிறது என்று அங்கேயே சிலர் முணுமுணுக்கிறார்கள், அதில் நியாயம் இல்லாமல் இல்லை.) கல்லூரி உதவித்தொகையும் கடனும் மாணவர் பெயரில்தான், பெற்றோர் வருமானத்தைக் கேட்பதே இல்லை, அதனால் என்ன படிப்பது என்று வீட்டில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

சுதந்திரம் நிஜமாகவே இடிக்கும் இடம் வேறு. 3.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பீரை வீட்டுக்கு வாங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அரசுக் கடைதான், ஞாயிற்றுக்கிழமை அதுவும் பூட்டு.