பின்வளவில் ஆறு மாடி: எந்த ஆட்சேபம் நிற்கும்?

கேள்வி: வடமேற்கு லண்டனில், 1930களில் கட்டிய செமி வீட்டில் (ஒரு பக்கச் சுவர் அயல்வீட்டோடு ஒட்டிய வீடு) 2001இலிருந்து இருக்கிறோம். பின்வேலிக்கு அப்பாலுள்ள கார் பார்க்கில் ஆறு மாடி எழுப்பி 48 ஃபிளாட் கட்ட விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். கருத்துச் சொல்ல இன்னும் ஒன்பது நாள்தான் உள்ளது. வீட்டு விலை விழும், வெளிச்சம் போகும், கார் நிறுத்த இடம் இராது என்று அயலவர்கள் ஒரு மனு தயாரித்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். கவுன்சில் அனுமதி கொடுத்துவிட்டால் நாங்கள் அப்பீல் செய்யலாமா?

பதில்: முடியாது. இங்கிலாந்தில் பிளானிங் அப்பீல் உரிமை விண்ணப்பதாரருக்கு மட்டுமே உண்டு. அயலவருக்கு மிஞ்சுவது நீதிமுறை மீளாய்வு. அதை அனுமதிக் கடிதத்தின் திகதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அங்கேயும் முடிவு நல்லதா கெட்டதா என்று நீதிபதி பார்க்கமாட்டார். சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டுமே பார்ப்பார். சுற்றுச்சூழல் வழக்காக ஏற்கப்பட்டால், தனிநபர் தோற்றாலும் எதிர்த்தரப்புக்குச் செலுத்தும் செலவுக்குப் பொதுவாக 5,000 பவுண் உச்சவரம்பு உண்டு. உங்கள் சொந்தச் சொலிசிட்டர் செலவு வேறு. ஆகவே உங்கள் பலமெல்லாம் இந்த ஒன்பது நாளில்தான் இருக்கிறது.

மனுவில் கையெழுத்திடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நூறு கையெழுத்து இருந்தாலும் பல கவுன்சில்கள் அதை ஒரே ஆட்சேபமாகத்தான் பதியும். வீட்டுக்கொரு கடிதம், அவரவர் வீட்டின் பாதிப்பை அவரவர் சொற்களில் எழுதிப் போகட்டும். வீட்டு விலை, யன்னலிலிருந்து தெரியும் காட்சி, கட்டுபவரின் லாபம் ஆகியவை பிளானிங் சட்டத்தில் கணக்கில் வராதவை. அவற்றை எழுதினால் நல்ல வாதமும் அவற்றோடு சேர்ந்து அடிபடும்.

"இத்தனை வீடு இங்கே வேண்டாம்" என்ற வாதமும் நிற்காது. 2004ஆம் ஆண்டுப் பிளானிங் சட்டத்தின் 38(6) பிரிவின்படி, வேறு தகுந்த காரணம் இல்லாவிட்டால் முடிவு அந்தப் பகுதியின் வளர்ச்சித் திட்டத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அதன் ஒரு பகுதியான 2021 லண்டன் திட்டமோ ஒவ்வொரு காணியிலும், நல்ல வடிவமைப்போடு, தாங்கக்கூடிய அளவு வீடு கட்டச் சொல்கிறது. ஐந்து வருடத்துக்குப் போதிய வீட்டுக்காணியைக் கவுன்சில் காட்ட முடியாவிட்டால் தராசு அனுமதியின் பக்கம் இன்னும் சாயும். எங்கள் பிள்ளைகளுக்கும் இந்த நகரில் வீடு வேண்டும் என்பதால் இதைக் குறையாக நான் பார்க்கவில்லை. ரியூப் (நிலக்கீழ் ரயில்) நிலையம் பக்கத்தில் இருந்தால் கார் நிறுத்தமும் பலவீனமான வாதம். கார் இல்லாத கட்டடமே அங்கே தொடக்கப்புள்ளி என்று அதே திட்டம் சொல்கிறது.

உயரம் வேறு கதை. ஆறு மாடிக்குக் குறைந்ததை "உயர்ந்த கட்டடம்" என்று கவுன்சில்கள் வரையறுக்கக் கூடாது என்கிறது லண்டன் திட்டத்தின் டி9 கொள்கை. உயர்ந்த கட்டடத்துக்குத் தகுந்த இடங்களை உள்ளூர்த் திட்டம் குறித்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் கவுன்சிலின் வரையறை ஆறு மாடியைப் பிடிக்கிறதா, இந்தக் கார் பார்க் குறித்த இடத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். வெளியே இருந்தாலும் தானாக மறுப்பு வந்துவிடாது என்று 2021இல் ஹில்லிங்டன் என்ற லண்டன் கவுன்சிலின் வழக்கில் உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அது கனமான வாதம்.

வெளிச்சத்தை அளந்து எழுதுங்கள். பின்பக்கக் கீழ் யன்னலின் நடுவிலிருந்து புதிய கட்டடத்தின் உச்சிக்கு உள்ள ஏற்றக்கோணம் 25 பாகைக்கு மேல் போனால், விரிவான ஆய்வு தேவை என்கிறது பிஆர்ஈ என்ற கட்டட ஆய்வு நிறுவனத்தின் வழிகாட்டி. யன்னல் நடு 1.5 மீட்டரிலும் கட்டட உச்சி 20 மீட்டரிலும் இருந்தால், இடைத்தூரம் ஏறக்குறைய 40 மீட்டருக்குக் குறைந்தாலே இந்த எல்லை தாண்டிவிடும். கட்டுபவர் கொடுத்த பகல்வெளிச்ச அறிக்கை கவுன்சில் இணையத்தளத்தில் இருக்கும். அதில் உங்கள் கதவிலக்கத்தைத் தேடுங்கள். யன்னலுக்கு எட்டும் வானவெளிச்ச அளவு 27 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, முன்பிருந்ததில் 0.8 மடங்குக்கும் குறைந்தால் அது உணரத்தக்க இழப்பு. அயல்வீட்டுக்குள் வராமலே அறைகளை ஊகித்து வரைவது இத்தகைய அறிக்கைகளில் அடிக்கடி வரும் பிழை. வீட்டோடு பின்னர் சேர்த்துக் கட்டிய எக்ஸ்டென்ஷன் விடுபட்டிருக்கலாம், வரவேற்பறை குளியலறையாகப் பதிந்திருக்கலாம். படத்தோடு சுட்டிக்காட்டுங்கள். யன்னலுக்கு யன்னல் 18 மீட்டருக்குள் வந்தால் அந்தரங்க இழப்பையும் அளவோடு எழுதுங்கள்.

கடிதத்தின் இறுதியில், அனுமதிப்பதானால் இன்ன நிபந்தனைகள் வேண்டும் என்று கேளுங்கள்: உங்கள் பக்க மேல்மாடியை உள்தள்ளுவது, பல்கனிக்கு மறைப்பு, மங்கல் கண்ணாடி, வேலை நேரக் கட்டுப்பாடு. ஆட்சேபித்துக்கொண்டே நிபந்தனை கேட்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகாது. பலருக்குக் கடைசியில் கிடைப்பது இதுதான். ஆதாரமில்லாமல் கவுன்சிலர்கள் மறுத்தால் கட்டுபவர் அப்பீலில் வெல்லலாம், கவுன்சில் அவருடைய செலவையும் கட்ட நேரலாம். அந்தப் பயம் அவர்களுக்கு உண்டு. அளந்த எண்களைக் கையில் கொடுங்கள்.

விண்ணப்பம் பிளானிங் குழுவுக்குப் போனால், அதிகாரியின் அறிக்கை கூட்டத்துக்கு ஐந்து முழு நாள் முன்பாவது வெளிவர வேண்டும். பேசுவதற்கு முன்பதிவு தேவை. பொதுவாக இரண்டு மூன்று நிமிடமே கிடைக்கும், ஆகவே ஒருவர் வெளிச்சம், மற்றவர் உயரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பிளானிங் அனுமதி கிடைத்தாலும் உங்கள் ஒளியுரிமை அழியாது. 20 வருடம் தடையின்றி வெளிச்சம் வந்த யன்னலுக்கு 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது கிடைக்கும். 1930களின் யன்னல்கள் தகுதி பெறும். உதாரணமாக, 2012இல் போட்ட எக்ஸ்டென்ஷன் யன்னல் இன்னும் பெறாது. இந்த உரிமையை முறிக்க அனுப்பும் ஒளித்தடை அறிவித்தல் ஏதும் வந்தால் குப்பையில் போடாதீர்கள், ஒரு வருடத்துக்குள் வழக்கிடாவிட்டால் உரிமை போய்விடும். பின்வேலியோரம் கராஜ் இருந்து, அதற்கு 3 மீட்டருக்குள் அதன் அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதானால், கட்டுபவர் ஒரு மாதம் முன்னதாக உங்களுக்கு அறிவித்தல் தர வேண்டும். 14 நாளுக்குள் உங்கள் சம்மதமின்மையை எழுதி, ஒரு சேர்வேயரை நியமியுங்கள். அவருடைய கட்டணம் பொதுவாகக் கட்டுபவரையே சேரும். தோண்டத் தொடங்குமுன் கராஜ் சுவர் வெடிப்புகளைப் படமெடுத்துப் பதியச் சொல்லுங்கள்.