உன் சிலுவையை எடுத்துக்கொண்டு வா: கேள்வி பதில்

கேள்வி: "தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அநுதினமும் எடுத்துக்கொண்டு" என்று லூக்கா 9:23-ல் இருக்கிறதே ஐயா, நான் ஒன்றுக்கும் லாயக்கில்லாதவன் என்று நினைத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. யோவான் 13-ஐ எடுத்து வாசியுங்கள். தாம் தேவனிடத்திலிருந்து வந்தவர், எல்லாம் தம் கையில் இருக்கிறது என்று அறிந்தேதான் இயேசு பந்தியை விட்டு எழுந்து, இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவினார். தம்மை மட்டமாக நினைத்து அவர் குனியவில்லை. 'எனக்கு என்ன கிடைக்கும், என்னை யார் மதிப்பார்' என்ற கணக்கைத்தான் நம்மையும் விடச் சொல்கிறார்.

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தைய லெந்து (தவக்கால) நாட்களில் எங்கள் வீட்டில் கறி, மீன் எடுப்பதில்லை. அது போதுமா?

பதில்: நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் மிச்சமாகும் காசு எங்கே போகிறது? பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதையே ஏசாயா 58 உபவாசம் என்கிறது. மிசோரம் சபைகளில் 1910-லிருந்து ஒரு வழக்கம் உண்டு. வேளாவேளைக்கு உலை வைக்குமுன் வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுவார்கள். சேர்ந்த அரிசி சபைக்குப் போகும். கையில் காசில்லாத வீடும் இதைச் செய்யலாம். நம் பக்கத்திலும் பிடியரிசிக் காணிக்கை எடுக்கும் சபைகள் இருக்கின்றன.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். சபையில் சொன்னால், "அது உன் சிலுவை, பொறுத்துக்கொள்" என்கிறார்கள்.

பதில்: இல்லை சகோதரி, அது உங்கள் சிலுவை இல்லை. அது அவருடைய பாவம். தம் ஜீவனைக் குறித்து இயேசு, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்றார் (யோவான் 10:18). அன்பினால் மனதாரக் கொடுப்பது வேறு, அடித்துப் பிடுங்குவது வேறு. நாசரேத்தில் அவரை மலையிலிருந்து தள்ளப் பார்த்தபோது அவர் விலகிப் போய்விட்டார். தமஸ்குவில் பவுலைக் கொல்லக் காத்திருந்தார்கள். சீஷர்கள் அவரைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கிவிட்டார்கள். பிறகு எருசலேமில் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தப்பினார். அவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்களா? 181 பெண்கள் உதவி எண். கூப்பிடுங்கள். பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், ஜெபத்தை அங்கிருந்து செய்யலாம். பொறுத்துக்கொள் என்று சொன்னவர்கள் முதலில் உங்கள் கணவரிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும். இன்னொருவர் தோளில் சிலுவையைத் தூக்கி வைக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். உபவாசம் இருக்கலாமா?

பதில்: டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மாத்திரையையும் அவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

கேள்வி: அண்ணன் நிலத்தில் கூடுதல் பங்கு கேட்கிறார். விட்டுக்கொடுப்பதா?

பதில்: விட்டுக்கொடுக்கலாம். ஆபிரகாம் தம் சகோதரன் மகன் லோத்துவை முதலில் நிலத்தைத் தெரிந்தெடுக்கச் சொன்னார், அவன் செழிப்பான பக்கத்தை எடுத்துக்கொண்டான் (ஆதியாகமம் 13). ஆனால் அது உங்கள் ஒருவர் பங்கு மட்டும்தானா? தங்கை பங்கும் அதில் இருந்தால் அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. மனைவியிடமும் பேசிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.