மகளின் முகப்பரு: களிம்பா, மாத்திரையா, லேசரா?

கோத்தகிரி பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிய பரு இன்னும் விட்டபாடில்லை. மூன்று நான்கு களிம்பு மாற்றியாகிவிட்டது, அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் அவ்வப்போது கொடுத்தாகிவிட்டது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு க்ரீம் போட்டால் ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிறது, நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. கோவையில் பார்த்த தோல் டாக்டர் ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார். பக்க விளைவுகளைப் படித்துப் பயந்து வாங்கவில்லை. இன்னொரு இடத்தில் பீல் (தோலின் மேலடுக்கை மருந்தால் உரிப்பது), லேசர் என்று பேக்கேஜ் சொல்கிறார்கள். வீட்டில் மாமியாரோ, எல்லாவற்றுக்கும் மைதா வர்க்கியும் சாக்லேட்டும்தான் காரணம் என்கிறார். ‘எதைத்தான் செய்வது டாக்டர்?’

முதலில் அந்தப் ‘பளிச்’ க்ரீமை எடுத்து, டியூபில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கிவிடும், அதனால்தான் அந்தப் பளபளப்பு. தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரியும், ஸ்டீராய்டே புதுப் பருவைக் கிளப்பும். நிறுத்தியதும் சில வாரம் முகம் கொதித்துப்போய் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பூசுவதுதான் இதில் விழும் பொறி. பல மாதம் போட்டிருந்தால் எப்படி நிறுத்துவது என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள். எந்த மாத்திரை என்று முடிவெடுப்பது அதற்கு அப்புறம்தான்.

சரி, மாத்திரையா களிம்பா? மருந்து எவ்வளவு ‘ஸ்ட்ராங்’ என்பதை வைத்து நான் இதை முடிவு செய்வதில்லை, தழும்பு விழுகிறதா என்பதை வைத்துத்தான். மகளைக் காலையில் ஜன்னலோரம் நிறுத்துங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் கன்னத்தில் விழட்டும். பழுப்புப் புள்ளிகள் தெரிந்து, விரலால் தடவினால் சமமாக இருந்தால் அது கறை. நம் நிறத் தோலில் பரு ஆறினால் கறை படும், மாதக்கணக்கில் மெல்ல மங்கும். குழி குழியாக நிழல் விழுந்தாலோ, தோலுக்கடியில் பட்டாணி மாதிரி வலிக்கும் கட்டிகள் தட்டுப்பட்டாலோ கதை வேறு. அந்தக் குழிகள் தானாக நிரம்பாது.

தழும்பு இல்லையென்றால், மகள் இதுவரை களிம்பை ஒழுங்காகப் போட்டதே இல்லை என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கலாம். தப்பாக நினைக்காதீர்கள், என்னிடம் வருகிறவர்களில் பலர் அப்படித்தான். பரு என்பது வெளியே தெரிவதற்குப் பல நாள் முன்பே தோல் துவாரத்துக்குள் உருவாகிவிடுகிறது. எண்ணெய்ச் சுரப்பி அதிகம் சுரக்க, செத்த செல்கள் வாயை அடைக்க, உள்ளே கிருமி பெருகி வீக்கம் வருகிறது. தெரிகிற பருவின் தலையில் மட்டும் மருந்தைத் தொட்டு வைத்தால் அடுத்த வாரப் பருவை யார் தடுப்பது?

அடாபலீன் 0.1 சதவீத ஜெல் ராத்திரிக்கு. முகத்தைக் கழுவி, துடைத்து, இருபது நிமிடம் காயவிட்டு, ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து புள்ளி வைத்து முகம் முழுக்கப் பரப்ப வேண்டும். கண், உதட்டோரம் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் காலையில். இது துணியை வெளுக்கும், அதனால் துண்டும் தலையணை உறையும் வெள்ளையாக இருக்கட்டும். ஆரம்பத்தில் உரியும், எரியும், சிலருக்குப் பரு கொஞ்சம் கூடும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம். மூன்றாவது வாரம் ‘கேட்கவில்லை’ என்று டியூபைத் தூக்கிப் போட்டால் மருந்து தோற்றதாகக் கணக்கில்லை.

மலையில் இதற்கு இரண்டு சிக்கல். டிசம்பர், ஜனவரி உறைபனியில் தோல் ஏற்கெனவே வறண்டு கிடக்கும். அதோடு கொதிக்கிற வென்னீரில் முகம் கழுவினால் அடாபலீனைத் தாங்காது. வெதுவெதுப்பான தண்ணீரும், ‘நான் காமெடோஜெனிக்’ (non-comedogenic, துவாரத்தை அடைக்காதது) என்று போட்ட மாய்ஸ்சரைசரும் போதும். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு வழியக் கூடாது. ஜலதோஷத்துக்குத் தேய்க்கும் நீலகிரித் தைலத்தை மருந்து போட்ட முகத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம், எரிந்துவிடும். இன்னொன்று வெயில். மூடுபனியில் சன்ஸ்கிரீன் எதற்கு என்பார்கள். 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், கோத்தகிரி 1800 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது. மெல்லிய மேகம் அந்தக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதுமில்லை. கறை சீக்கிரம் மங்க வேண்டுமென்றால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் ஜெல் தினமும் வேண்டும்.

சிவந்து சீழ் வைத்த பரு நிறைய இருந்தால் களிம்போடு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சேர்ப்பதுண்டு, மூன்று நான்கு மாதத்துக்கு மேல் போகாமல். ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். பள்ளியில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இது சரியாக உடம்பில் சேராது, சில மணி நேர இடைவெளி வேண்டும். அசித்ரோமைசினை அவ்வப்போது ஐந்து நாள் கொடுத்து நிறுத்துவது எனக்குப் பிடிக்காத பழக்கம். கிருமிக்குப் பயிற்சி கொடுத்த மாதிரிதான் அது.

தழும்பு விழுகிறது, அல்லது இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தும் மூன்று மாதத்தில் அசையவில்லை என்றால் கோவை டாக்டர் சொன்னதுதான் சரி. ஐசோட்ரெட்டினாயின் எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கும் மருந்து, 1982 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. வழக்கமாகக் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை மொத்தமாக உள்ளே போக வேண்டும் என்பது கணக்கு. மகள் 50 கிலோ என்றால் குறைந்தது 6000 மில்லிகிராம். நாளுக்கு 40 என்றால் ஐந்து மாதம், 20 என்றால் பத்து மாதம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாகச் சேரும். பாதியில் விட்டால் பரு திரும்ப வர வாய்ப்பு அதிகம். முழுதாக முடித்தும் சிலருக்கு இரண்டாவது சுற்று தேவைப்படும்.

இந்த மாத்திரையில் உதடு வெடிப்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு, மலைக் குளிரில் இன்னும் மோசம். வாசலின் கையிலேயே இருக்கட்டும். தொடங்கும் முன்னும் இடையிலும் ரத்தக் கொழுப்பும் கல்லீரலும் சோதிக்க வேண்டும். மனச்சோர்வு வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய ஆய்வுகளில் பொதுவாக அப்படிக் கூடியதாகத் தெரியவில்லை, ஆனாலும் தூக்கம், பேச்சு மாறுகிறதா என்று கவனியுங்கள், மாறினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். டாக்சிசைக்ளினோடு சேர்த்து எடுக்கவே கூடாது, மூளையைச் சுற்றி அழுத்தம் கூடி தலைவலி, பார்வைக் கோளாறு வரலாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான். கர்ப்பத்தில் இந்த மருந்து பட்டால் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு வரும் ஆபத்து அதிகம். அதனால் மாத்திரை எடுக்கும் காலமும், நிறுத்தி ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கக் கூடாது, தொடங்கும் முன் பரிசோதனையும் உண்டு. ‘பிளஸ் டூ படிக்கிற பிள்ளையிடம் இதையா கேட்பது’ என்று கோபப்படாதீர்கள், வயசுக்கு வந்த எல்லோரிடமும் கேட்பதுதான். நான் அதைவிடப் பயப்படுவது மீந்த மாத்திரைக்கு. கல்யாணமான அக்காவோ சித்தியோ ‘எனக்கும் பரு இருக்கு’ என்று கேட்டால் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்.

மாதவிலக்கு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகிறதா, தாடையில், மேலுதட்டில் முடி அடர்கிறதா? அப்படியானால் ஹார்மோன் பக்கமும் பார்க்க வேண்டும், சிகிச்சை வேறாக இருக்கலாம். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் அரிக்கும் பொரிகள் மட்டும் என்றால் அது பருவே இல்லாமல் பூஞ்சையாகவும் இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் கூடத்தான் செய்யும்.

லேசர் பேக்கேஜுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். புதுப் பரு வந்துகொண்டிருக்கும்போது பழைய குழியைச் சரி செய்வது, மழை நிற்கும் முன் கூரைக்குப் பெயின்ட் அடிப்பது போல. பரு அடங்கட்டும், பிறகு பார்க்கலாம்.

மாமியார் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மைதா, சர்க்கரை போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் சாப்பாடு சிலருக்குப் பருவைக் கூட்டும். குறைப்பது நல்லது. ஆனால் நான்கு வருடப் பருவை ஒரு வர்க்கித் துண்டின் தலையில் கட்டி, சாயங்கால டீயின்போது அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக உட்கார வைக்காதீர்கள்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அதே கோவை டாக்டரோ, யாரிடம் போனாலும் இதுவரை போட்ட எல்லா டியூபையும் அட்டையையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். காலியானதையும் சேர்த்து. அப்புறம், மாதவிலக்கு, மனசு பற்றியெல்லாம் டாக்டர் கேட்கும்போது நீங்கள் ஐந்து நிமிடம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.