கேம் கேள்வி-பதில்: ‘க்ரோனோ ட்ரிக்கர்’ ஆடுகிறவர்களுக்கு

கே: தம்பி சொன்னான் என்று ‘க்ரோனோ ட்ரிக்கர்’ என்ற காலப் பயணக் கதை கேமை ஆட ஆரம்பித்தேன். திருவிழாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால், கொஞ்ச நேரத்தில் கோர்ட்டில் நிறுத்திவிட்டார்கள்! எங்கோ தப்பாக ஆடிவிட்டேனா? இனிமேல் கைடு பார்த்து ஆடட்டுமா?

ப: வேண்டவே வேண்டாம். கைடை மூடி வையுங்கள். நீங்கள் எதையும் தப்பாக ஆடவில்லை. கி.பி. 1000 திருவிழாவில் மார்ல் என்ற பெண் உங்கள் மேல் மோதி விழுந்தாளே, முதலில் அவளிடம் பேசினீர்களா, தெறித்து விழுந்த பதக்கத்தை எடுத்தீர்களா? யாரோ ஒரு பெரியவரின் சாப்பாட்டை எடுத்துத் தின்றீர்களா? பூனையைத் தொலைத்த சிறுமிக்கு அதைத் தேடிக் கொண்டுவந்து விட்டீர்களா? மிட்டாய்க் கடையில் மார்ல் நின்றபோது பொறுமையாகக் காத்திருந்தீர்களா? அத்தனையும் கோர்ட்டில் சாட்சியாக வரும். அதை வைத்துத்தான் ஏழு ஜூரிகளும் ஓட்டுப் போடுகிறார்கள். நிரபராதி என்றே தீர்ப்பு வந்தாலும் மந்திரி உங்களைச் சிறைக்கு அனுப்பத்தான் போகிறார், ஆகவே கதை எங்கும் தடைபடாது. 1995-இல் வந்த கேம் இது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துச் செய்ததையெல்லாம் குறித்துவைத்துக்கொண்டு பிறகு கேட்கிறது பாருங்கள், அந்தத் திடுக்கிடல் கைடு பார்த்து ஆடுகிறவருக்குக் கிடைக்கவே கிடைக்காது.

கே: ஆதிகாலத்துக்குப் போய்ச் சூரியக் கோயிலில் வைத்த சந்திரக் கல் கி.பி. 1000-இல் காணாமல் போய்விட்டது. போரே ஊர் மேயர் வீட்டில் இருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் மனுஷன் அசைய மாட்டேன் என்கிறார். அடித்துப் பிடுங்க வழி உண்டா?

ப: அடிக்க வழியில்லை, வளர்க்கத்தான் வழி. இந்தக் கேமிலேயே எனக்கு மிகவும் பிடித்த கிளைக்கதை இது. அதனால் இங்கே மட்டும் கொஞ்சம் சொல்லித் தருகிறேன். கி.பி. 1000-இல் போரே ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் உப்புக்கண்டம் விற்கிறார்கள். கேம் காசில் விலை 9,900. வாங்கிக்கொண்டு கி.பி. 600-க்குப் போய், அதே போரேயில் ஊர்ப் பெரியவர் வீட்டில் இருக்கும் அம்மாவிடம் கொடுங்கள். காசு தருகிறேன் என்பாள். வாங்காதீர்கள். சும்மா கொடுத்தால் நெகிழ்ந்துபோய், தன் பிள்ளைகளையும் ஈகை குணத்தோடு வளர்ப்பேன் என்பாள். பிறகு 1000-க்குத் திரும்பி மேயரைப் பாருங்கள். நானூறு வருடமாக அந்தக் குடும்பத்தில் கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை, கல்லைத் தானாகவே நீட்டும்! அதை மறுபடி கோயிலில் வைத்துவிட்டு 2300-இல் போய்ப் பாருங்கள். ஆறரைக் கோடி வருட வெயில் குடித்து அது சூரியக் கல்லாகியிருக்கும். காலப் பயணத்தைக் கதைக்கு அலங்காரமாக வைக்கிற கேம்கள் நிறைய. இதில் அது வேலை செய்கிறது.

கே: சண்டை முறையில் ‘ஆக்டிவ்’ நல்லதா, ‘வெயிட்’ நல்லதா? பாஸ் (பெரிய எதிரி) வரும்போதெல்லாம் தோற்கிறேன். லெவல் ஏற்றப் போய்விட்டு வரட்டுமா?

ப: புதியவர் என்றால் ‘வெயிட்’. டெக் (சிறப்புத் தாக்குதல்), ஐட்டம் தேர்ந்தெடுக்கும்போது எதிரி நிற்பான், நிதானமாக யோசிக்கலாம். லெவல் ஏற்ற அலையத் தேவையில்லை. இதில் பெரும்பாலும் பாஸைக் கவனிக்க வேண்டும். நிஸ்பெல் என்ற பாஸின் தோல் இரும்பு மாதிரி, மின்னல் பட்டால்தான் இளகும். மந்திரவாதி மாகஸ் தன் தடுப்பை மாற்றிக்கொண்டே இருப்பான். எந்த மாயம் அவன்மேல் பலிக்கிறது என்று பார்த்து அதையே போடுங்கள். கூட்டு டெக்குகளையும் மறக்காதீர்கள், இருவர் சேர்ந்து அடிப்பதுதான் இந்தச் சண்டையின் உயிர்.

கே: வடமுனையில் மாகஸ் தனியாக நிற்கிறான். கொல்வதா, விடுவதா?

ப: (அங்கே இன்னும் போகாதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.) உங்கள் கூட்டாளி ஃப்ராக்கின் நண்பன் சைரஸைக் கொன்றவன், ஃப்ராக்கைத் தவளையாக்கியவன் அவன்தான். கொன்றால் கடைசியில் ஃப்ராக்குக்கு மனித உருவம் திரும்பும். விட்டால் உங்களோடு சேருவான், ஃப்ராக் தவளையாகவே இருப்பான். இரண்டிலும் விலை உண்டு. ஸீல் ராஜ்ஜியத்தில் அக்கா ஷாலாவோடு நின்ற சின்னப் பையனாக மாகஸைப் பார்த்த பிறகு என்னால் வாளெடுக்க முடிந்ததில்லை, விட்டுவிடுவேன். ஆனால் ஃப்ராக்கின் கண்ணால் பார்த்துக் கொல்ல முடிவெடுப்பவரிடம் நான் வாதாட மாட்டேன். முடிவெடுக்கும் முன் ஃப்ராக்கை உங்கள் அணியில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் பேசுவதைக் கேட்காமல் அந்த இடத்தைக் கடப்பது அநியாயம்.

கே: எந்தப் பதிப்பில் ஆடலாம்?

ப: நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் மூலப்பதிப்பு கையில் இருந்தால் அதுவே போதும். 1999-இல் வந்த பிளேஸ்டேஷன் பதிப்பில் அனிமே காட்சிகள் உண்டு, ஆனால் லோடிங் பொறுமையைச் சோதிக்கும். என் ஓட்டு 2008-இன் நின்டெண்டோ டிஎஸ் பதிப்புக்கு. கட்டளைகளெல்லாம் கீழ்த் திரைக்குப் போய்விடுவதால் மேலே சண்டை முழுசாகத் தெரியும். அதில் கூடுதலாகச் சேர்த்த பகுதிகளை மட்டும் முதல் ஆட்டத்தில் விட்டுவிடுங்கள், கதையின் வேகம் கெடும்.