ஜவ்வாது மலையில் எடுத்த நட்சத்திரத் தடப் படங்களில் வட்டங்கள் ஏன் அமைவதில்லை?

விண்மீன்கள் நகரும் பாதையைக் கோடுகளாகப் பதிவுசெய்யும் வெளிநாட்டுப் படங்களில் அவை வட்டம் வட்டமாகச் சுழல்கின்றனவே, ஜவ்வாது மலையில் நான் எடுத்தால் ஏன் அப்படி வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதே குழப்பத்தில் நானும் இரண்டு கோடைகளைக் கழித்திருக்கிறேன்.

காரணம் நாம் நிற்கும் அட்சரேகைதான். அந்த வட்டங்கள் துருவ நட்சத்திரத்தைச் சுற்றித்தான் அமையும். அது ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் தெரியும். லண்டனில் அது 51 பாகை. ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூரிலோ வெறும் 12.5 பாகை. கையை நீட்டி விரல்களை மடக்கி முஷ்டியாகப் பிடித்தால் அதன் அகலம் 10 பாகை அளவுக்கு வரும் என்பதால், வடக்கே ஒரு புளியமரம் நின்றாலே துருவம் மறைந்துவிடும். (அந்த வெளிநாட்டுப் படங்களிலும் எந்த விண்மீனும் முழு வட்டம் அடிப்பதில்லை, மணிக்கு 15 பாகை நகரும் வில்கள் அடுத்தடுத்து அமைவதால் வட்டமாகத் தோன்றுகிறது.)

ஆகவே நான் கேமராவைக் கிழக்கே திருப்பினேன். நடுவில் ஏறும் விண்மீன்கள் ஏறத்தாழ நேர்கோடாகவும், இடப்பக்கத்தவை வடதுருவத்தையும் வலப்பக்கத்தவை தென்துருவத்தையும் நோக்கி வளைந்தும் பதிகின்றன. லண்டனில் துருவ வட்டம் எடுப்பவருக்கு இந்த ஏறத்தாழச் செங்குத்தான எழுச்சி கிடைக்காது.

18 மி.மீ. லென்ஸ், எஃப்/3.5, ஐஎஸ்ஓ 1600, ஒவ்வொன்றும் 30 விநாடி என 120 படங்களை இடைவிடாமல் எடுத்து, ஸ்டார்ஸ்டாக்ஸ் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறேன். ஃபோகஸை லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பி வைக்காமல், பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

என் முதல் முயற்சியைக் கெடுத்தது, படத்தில் விழும் தேவையற்ற பொட்டுகளை நீக்கும் கேமராவின் இரைச்சல் நீக்க வசதி. அது ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் ஷட்டரை மூடியபடி இன்னொரு 30 விநாடியை எடுத்துக்கொண்டதால், கோடுகள் துணியில் நூலோட்டம் போட்டது போல விட்டுவிட்டு வந்தன. அதை அணைத்துவிடுங்கள். கோடையில் சென்சார் சூடாகிச் சிவப்பும் பச்சையுமாகப் பொட்டுகள் வரத்தான் செய்யும். கடைசியில் மூடியைப் போட்டு அதே அமைப்பில் ஐந்தாறு இருட்டுப் படங்கள் எடுத்து வைத்தால், அடுக்கும்போது அந்தப் பொட்டுகளைக் கழித்துவிடலாம்.

மே மாதத்தில் மாலை இடிமழை வந்து மேகம் கலையாமல் போவதுண்டு என்பதால், மார்ச், ஏப்ரல் அமாவாசைகளையே நான் தேர்ந்தெடுக்கிறேன்.