தமிழ் தெரிந்த பெண்ணுக்கு ஸ்பானிஷ் கஷ்டமா?

அம்மா, "இங்கிலீஷே தகராறு, இதில் ஸ்பானிஷா?" என்று கேட்டிருந்தீர்கள். பிளஸ் டூ முடித்த மகளைப் பற்றிய உங்கள் கவலை புரிகிறது. ஆனால் இங்கிலீஷை வைத்து ஸ்பானிஷை அளக்காதீர்கள். தமிழை வைத்து அளந்து பாருங்கள்.

ஸ்பானிஷில் "மெ குஸ்தா எல் கஃபே" என்கிறார்கள். சொல்லுக்குச் சொல், "எனக்குப் பிடிக்கும் காபி". இங்கிலீஷ் வழியாகக் கற்பவர்கள் குழம்பும் இந்த இடம், உங்கள் மகள் தினமும் பேசும் வாக்கியம்தான். "ஆப்லோ" என்ற ஒற்றைச் சொல்லே "பேசுகிறேன்". "நான்" சொல்லத் தேவையில்லை. நீ, நீங்கள் போலவே தூ, உஸ்தேத் என்று மரியாதை வேறுபாடும் உண்டு. உயிரொலிகள் ஐந்தே. எழுதியிருப்பதைப் பெரும்பாலும் அப்படியே வாசித்துவிடலாம். நாக்கை உருட்டும் ர மட்டும் கவனம்: "பெரோ" என்றால் "ஆனால்", "பெர்ரோ" என்றால் நாய்!

சிரமமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நமக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை. அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். "அவன் கெட்டிக்காரன்" என்பதில் நாம் வினைச்சொல்லே போடுவதில்லை. அவர்களுக்கோ அந்த இடத்தில் செர், எஸ்தார் என்று இரண்டு வினைகள். "எஸ் லிஸ்தோ" என்றால் கெட்டிக்காரன், "எஸ்தா லிஸ்தோ" என்றால் தயாராக இருக்கிறான். இது பழகப் பல மாதம் ஆகும், ஆகட்டும்.

சரி, வேலை? ஸ்பெயினிலிருந்து அர்ஜென்டினா வரை சுமார் 20 நாடுகளின் ஆட்சிமொழி இது, ஐ.நா.வின் 6 அலுவல் மொழிகளில் ஒன்று. ஆனாலும் மொழியை மட்டும் நம்பி இறங்குவதை நான் விரும்பவில்லை. பி.காம்., கம்ப்யூட்டர், சுற்றுலா என ஏதாவதொரு படிப்போடு சேர்த்துப் படிக்கட்டும். மொழியையே பட்டமாகப் படிக்க ஆசையென்றால் டெல்லி ஜே.என்.யு. (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்), ஹைதராபாத் இஃப்லு (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) இரண்டிலும் பி.ஏ. ஸ்பானிஷ் இருக்கிறது. எங்கே படித்தாலும் ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் டெலே என்ற ஸ்பானிஷ் திறன் தேர்வை எழுத வேண்டும். அந்தச் சான்றிதழ் காலாவதி ஆகாது. அதில் ஏ1, ஏ2 தொடக்க நிலைகள். வேலைக்கு அவற்றுக்கு மேலுள்ள பி2 நிலை வரையாவது போகட்டும்.

இந்த விடுமுறையில் ஏ1 வகுப்பில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் சொல்லாமலே தினமும் புத்தகத்தை எடுக்கிறாளா என்று பாருங்கள். அப்புறம் கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவோம், அவளையும் அழைத்து வாருங்கள்.